ஹட்சன் ஆற்றின் ஓவியர்

பிறந்த மண்ணின் எழிலை அம்மண்ணிலேயே பிறந்தவர்கள் நின்று பார்ப்பது அரிது. நாள்தோறும் காணும் மலை அவர்களுக்கு வெறும் மலை. நாள்தோறும் கடக்கும் ஆறு வெறும் ஆறு. வேற்றூரிலிருந்து வருகிறவன்தான் வியந்து நிற்கிறான். சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து இப்பல்கலைக்கழகத்தில் பயிலும் நமக்கு இவ்வுண்மையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்க நாட்டின் மலைகளையும் காடுகளையும் அருவிகளையும் அந்நாட்டு மக்களுக்கே கண்திறந்து காட்டியவரும் அவ்வாறு வெளியிலிருந்து வந்த ஒருவரே. அவர் பெயர் தாமஸ் கோல். இங்கிலாந்தில் பிறந்து, பதினேழாம் வயதில் கப்பலேறி, நாற்பத்தேழாம் வயதில் மறைந்தவர். 'ஹட்சன் ஆற்று ஓவியக் குழு' என்று கலை வரலாற்றில் பெயர் பெற்ற இயக்கத்தைத் தோற்றுவித்தவராக அவரையே கருதுகின்றனர். நான் ஓவியம் பயின்றவன் அல்லன். சாலையும் பாலமும் அமைக்கும் பொறியியல் துறையில் பயில்கின்றவன். அதனாலேயே இவர் வாழ்க்கை என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஏனென்பது படிக்கப் படிக்க விளங்கும்.

ஆலைப் புகையில் ஓர் இளமை

தாமஸ் கோல் 1801ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள போல்டன் என்னும் ஊரில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் அவர் ஏழாமவர்; ஆண்மகவு அவர் ஒருவரே. தந்தை ஜேம்ஸ் கோல் கம்பளித் துணித் தொழில் செய்தார். அத்தொழில் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

அந்நாளில் லங்காஷயர் உலகத்தின் நெசவாலையாக மாறிக்கொண்டிருந்தது. ஆலைகள் எழுந்தன, புகைபோக்கிகள் வானை மறைத்தன, ஆற்று நீர் சாயம் ஏறி ஓடிற்று. இளம் தாமஸ் சோர்லி என்னும் ஊரில், சீட்டித் துணியில் அச்சிடுவதற்கான பூவேலைகளைச் செதுக்கும் தொழிலில் சேர்ந்தார். பின்னர் லிவர்பூல் நகரில் செதுக்கோவியத் தொழிலாளியாக வேலை பார்த்தார். ஆலைத்தொழில் ஒரு நாட்டை என்ன செய்யும் என்பதை அவர் நூலில் படித்து அறியவில்லை. அதன் புகையை மூச்சாக இழுத்தே அறிந்தார். இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அவர் காட்டைப் பார்த்த பார்வைக்கு இதுவே அடிப்படை.

1818இல் கோல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. பிலடெல்பியாவில் இறங்கிய பின், பெற்றோரும் சகோதரிகளும் ஒஹையோ மாநிலத்தின் ஸ்டூபன்வில் என்னும் சிற்றூருக்குச் சென்றனர். சுவரில் ஒட்டும் வண்ணத் தாள் செய்யும் தொழிலைத் தந்தை அங்கே தொடங்கினார். தாமஸ் சிறிது காலம் பிலடெல்பியாவில் தங்கி உழைத்து, மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஒருமுறை சென்று வந்து, பிறகு குடும்பத்தோடு சேர்ந்துகொண்டார்.

அச்சிற்றூருக்கு ஸ்டைன் என்னும் ஒரு நாடோடி ஓவியர் வந்தார். ஊர் ஊராகச் சென்று மக்களின் முகங்களை வரைந்து பிழைப்பவர் அவர். எண்ணெய் வண்ணத்தைக் குழைப்பது எப்படி, தூரிகையைப் பிடிப்பது எப்படி என்னும் அரிச்சுவடியைக் கோல் அவரிடமே கற்றார். அவ்வளவுதான் அவர் பெற்ற பள்ளிப்பாடம்! பிறகு தாமும் ஒரு மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, துணைக்கு ஒரு புல்லாங்குழலை எடுத்துக்கொண்டு, ஊர் ஊராக நடந்து முகச் சித்திரம் வரையப் புறப்பட்டார். கூலி பெரும்பாலும் பணமாகக் கிடைக்கவில்லை, பண்டமாகவே கிடைத்தது. கடனோடு வீடு திரும்பினார். மனித முகம் அவருக்குச் சோறு போடவில்லை. வழியெல்லாம் கூடவே வந்த காடும் மலையும்தான் அவர் நெஞ்சில் தங்கின.

1823இல் பிட்ஸ்பர்க் நகரில் இருந்தபோது, ஆற்றங்கரையில் மரங்களையும் பாறைகளையும் நேரில் பார்த்து வரையலானார். ஒவ்வொரு மரத்தையும் ஒரு மனிதரின் முகத்தை வரைவது போலவே கூர்ந்து வரைந்தார். அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் பிலடெல்பியாவுக்குச் சென்றார். அங்கே குளிர்காலத்தில் பட்ட வறுமை கொடியது. தட்டுமுட்டுச் சாமான் ஏதுமில்லாத ஓர் அறையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த மேசை விரிப்பையே போர்வையாகப் போர்த்துக்கொண்டு படுத்தார். பகலில் அந்நகரின் கலைக் கழகத்துக்குச் சென்று, அங்கே தொங்கிய இயற்கைக் காட்சி ஓவியங்களின் முன் நின்று கற்றார்.

இருபத்தைந்து டாலர் ஓவியங்கள்

1825ஆம் ஆண்டு அவர் வாழ்வில் திருப்பம் தந்தது. நியூயார்க் நகருக்கு வந்து, ஒரு வீட்டின் மேல்மாடிச் சிற்றறையில் ஓவியக் கூடம் வைத்தார். அவருடைய படங்களைக் கண்ட புரூயன் என்னும் வணிகர், ஹட்சன் ஆற்றின் மேல்பகுதிக்குச் சென்று வரப் பொருளுதவி செய்தார். கோல் நீராவிப் படகில் ஏறி வடக்கே சென்றார். காட்ஸ்கில் என்னும் மலைத்தொடரைக் கண்டார். ஏறத்தாழ 260 அடி உயரத்திலிருந்து இரண்டு தாவலாக விழும் காட்டர்ஸ்கில் அருவியைக் கண்டார். வெள்ளத்தில் பட்டுப்போன மரங்கள் எலும்புகள் போல நிற்கும் மலை ஏரியைக் கண்டார்.

திரும்பி வந்து வரைந்த மூன்று படங்கள் ஒரு புத்தகக் கடையில் விற்பனைக்கு வைக்கப்பட்டன. விலை ஒவ்வொன்றும் 25 டாலர். அவ்வழியே வந்த ஜான் டிரம்புல் ஒன்றை வாங்கினார். அமெரிக்க விடுதலை வரலாற்றை ஓவியமாகத் தீட்டிப் புகழ்பெற்ற அப்பெரியவருக்கு அப்போது வயது 69. தாம் வாழ்நாளெல்லாம் முயன்றும் எட்டாததை இவ்விளைஞர் எட்டிவிட்டார் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். மூத்தோர் இளையோரை இவ்வாறு மனமாரப் பாராட்டுவது எந்நாட்டிலும் அரிது அல்லவா? ஓவியர் வில்லியம் டன்லப் இன்னொன்றையும், செதுக்கோவியர் ஆஷர் டியூராண்ட் மற்றொன்றையும் வாங்கினர். டன்லப் தம் படத்தை விரைவிலேயே 50 டாலருக்கு விற்றுவிட்டார். செய்தித்தாள்களில் கோலின் பெயர் வந்தது. இருபத்துநான்கு வயதில் அவர் அறியப்பட்ட ஓவியரானார். நியூயார்க்கில் புதிதாக உருவான தேசிய ஓவியக் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவராகவும் ஆனார்.

அதுவரை அமெரிக்காவில் ஓவியம் என்றால் செல்வர்களின் முகமும் போர்க்களக் காட்சியுமே. காடு என்பது வெட்டித் திருத்த வேண்டிய தடையாகவே குடியேறியவர்களுக்குத் தோன்றிற்று. கோட்டைகளும் பழங்கோயில்களும் இல்லாத நாட்டில் வரைவதற்கு என்ன இருக்கிறது என்று கலைஞர்களே தயங்கினர். கோல் அத்தயக்கத்தை உடைத்தார். மனிதன் கைபடாத காடே இந்நாட்டின் பழம்பெருமை என்பதைப் படத்தில் காட்டினார்.

அவர் வேலைசெய்த முறையும் கருதத்தக்கது. கோடையில் மலையேறிக் கோட்டோவியங்கள் வரைவார். எந்த இடத்தில் என்ன நிறம், எந்த நேரத்தில் எப்படிப்பட்ட ஒளி என்று குறிப்பு எழுதுவார். ஆனால் திரும்பியவுடன் வண்ணம் தீட்டமாட்டார். காலம் கடந்து, அற்ப விவரங்கள் நினைவிலிருந்து மங்கி, உயிரான பகுதி மட்டும் எஞ்சி நிற்கும்வரை காத்திருப்பார். குளிர்காலத்தில்தான் பெரிய படம் உருவாகும்.

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 1826இல் அவர் தீட்டிய காட்டர்ஸ்கில் அருவிப் படத்தில், பார்வையாளர்களுக்காக அங்கே கட்டியிருந்த மேடையையும் கைப்பிடி வேலிகளையும் அவர் வரையவில்லை. அவற்றுக்குப் பதிலாகத் தன்னந்தனியே நிற்கும் ஒரு பழங்குடி மனிதரை வரைந்தார். உண்மையில் அம்மண்ணின் மைந்தர்கள் அதற்கு முன்பே அங்கிருந்து விரட்டப்பட்டிருந்தனர். 1830இல் பழங்குடி மக்களை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அகற்றுவதற்குச் சட்டமே வந்தது. காட்டை இழப்பதற்காக வருந்திய கோலின் ஓவியங்களில், அக்காட்டையே வீடாகக் கொண்டிருந்த மக்களின் இழப்பு ஒரு சிறு உருவமாக மட்டுமே நிற்கிறது.

ஒரு பேரரசின் கதை

1829 முதல் 1832 வரை கோல் ஐரோப்பாவில் இருந்தார். லண்டனில் டர்னர், கான்ஸ்டபிள் ஆகிய பெரும் ஓவியர்களைச் சந்தித்தார். இத்தாலியில் புளோரன்ஸ் நகரிலும் ரோமிலும் தங்கினார். இடிந்த மாளிகைகளின் மேல் புல் முளைத்திருப்பதைக் கண்டபோது, அவர் உள்ளத்தில் ஒரு பெரிய கருத்து உருக்கொண்டது.

அமெரிக்கா திரும்பியதும் லூமன் ரீட் என்னும் மளிகை மொத்த வணிகர் அக்கருத்துக்குக் கை கொடுத்தார். 1833 முதல் 1836 வரை உழைத்துக் கோல் தீட்டிய ஐந்து படங்களே 'பேரரசின் போக்கு' என்னும் வரிசை. ஐந்திலும் இடம் ஒன்றே. உச்சியில் ஒரு பாறையைத் தாங்கி நிற்கும் மலை ஒன்று எல்லாப் படங்களிலும் காணப்படுகிறது. முதற்படத்தில் விடியற்காலை, வேடர்கள் மானைத் துரத்துகின்றனர். இரண்டாவதில் ஆயர்கள் ஆடு மேய்க்கின்றனர். உழவும் கலையும் தோன்றுகின்றன. மூன்றாவதில் நண்பகல்; பளிங்கு மாளிகைகள் பள்ளத்தாக்கை மூடிவிடுகின்றன; ஒரு வெற்றி வீரனின் ஊர்வலம் பாலத்தின் மேல் வருகிறது. நான்காவதில் பகைவர் புகுந்து நகரை எரிக்கின்றனர், பாலம் முறிகிறது. ஐந்தாவதில் நிலவொளி, மனிதர் ஒருவரும் இல்லை, தனித்து நிற்கும் ஒரு தூணின் உச்சியில் பறவை கூடு கட்டியிருக்கிறது. மலை மட்டும் அப்படியே நிற்கிறது.

பழைய ரோமின் கதை போலத் தோன்றினாலும், இது தம் காலத்து அமெரிக்காவுக்குக் கோல் விடுத்த எச்சரிக்கை. ஈரி கால்வாய் 1825இல் திறந்த பின் நியூயார்க்கில் செல்வம் வெள்ளம்போல் பாய்ந்துகொண்டிருந்த காலம் அது. படங்கள் முடியும் முன்பே, 1836இல், ரீட் இறந்துவிட்டார். அவர் குடும்பத்தார் பின்வாங்காமல் கோலை ஊக்கி வேலையை முடிக்கச் செய்தனர். அந்த ஐந்து படங்களும் இன்று நியூயார்க் வரலாற்றுக் கழகத்தில் உள்ளன.

இவ்வேலைக்கு நடுவே அவர் தீட்டிய இன்னொரு படம்தான் 'ஆக்ஸ்போ'. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் மலைமேலிருந்து, கனெக்டிகட் ஆறு வளைந்து திரும்புவதைப் பார்க்கும் காட்சி அது. இடப்புறம் இடிமழையில் நனைந்த காடு, முறிந்த மரம். வலப்புறம் வெயிலில் விளைநிலம், வீடுகள், படகு. இரண்டுக்கும் நடுவே பாறைகளினிடையில் தொப்பி அணிந்த ஒரு சிறு உருவம் வண்ணப்பலகையோடு அமர்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. அது கோலே! நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் உள்ள அப்படத்தை அண்மைக் காலத்தில் கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்தனர். பேரரசு வரிசையின் மூன்றாம் படத்துக்கான தொடக்கக் கோடுகள் அதன் வண்ணத்துக்கு அடியில் தெரிந்தன. அமைதியான ஆற்றுச் சமவெளிக்கு அடியில் பளிங்கு நகரம்! அவர் திட்டமிட்டுச் செய்தாரோ, சட்டத்தில் இருந்த துணியை வீணாக்காமல் பயன்படுத்தினாரோ, அப்படம் கேட்கும் கேள்வி அதனால் இன்னும் கூர்மையாகிறது: இப்பள்ளத்தாக்கு இனி எந்தப் பக்கம் போகும்?

பள்ளத்தாக்கில் இருப்புப்பாதை

அக்கேள்விக்கு விடை அவர் வீட்டு வாசலுக்கே வந்தது. 1836 நவம்பரில் கோல், மரியா பார்ட்டோ என்னும் பெண்மணியை மணந்து, காட்ஸ்கில் ஊரில் அவர் உறவினருக்குச் சொந்தமான 'சீடார் குரோவ்' என்னும் வீட்டில் நிலையாகக் குடியேறினார். அருகே ஓடும் காட்ஸ்கில் ஓடையின் கரை அவர் நாள்தோறும் உலாவும் இடம். அவ்வாண்டிலேயே இருப்புப்பாதை போடுவதற்காக அப்பள்ளத்தாக்கின் மரங்களை வெட்டித் தள்ளத் தொடங்கினர். அவர் நெஞ்சம் கொதித்தது. ரீடுக்கு எழுதிய கடிதத்தில் மரம் வெட்டுவோர் மேல் தமக்குண்டான சினத்தைக் கொட்டினார். அமெரிக்க இயற்கைக் காட்சி பற்றி அவ்வாண்டு வெளியிட்ட கட்டுரையிலும், கோடரியின் கொடுமை நாளுக்கு நாள் பெருகுவதை எண்ணி வருந்தினார். காடே தன் அழிவை நினைந்து புலம்புவதாக ஒரு கவிதையும் எழுதி, 1841இல் வெளியிட்டார்.

பேச்சோடு அவர் நிற்கவில்லை. படத்திலும் சாட்சி சொன்னார். 1837இல் முடித்த ஒரு படத்தில் அவ்வோடை பழைய அழகோடு காட்சி தருகிறது. அடர்ந்த மரங்கள், கரையில் குழந்தையோடு ஒரு தாய். 1843இல் அதே இடத்தை மீண்டும் வரைந்தார். முன்புறத்து மரங்கள் இல்லை. வெட்டிய அடிக்கட்டைகள் கிடக்கின்றன. கோடரியோடு ஒரு மனிதன் நின்று பார்க்கிறான். தொலைவில் சிறு புகையோடு ஒரு இரயில் பாலத்தைக் கடக்கிறது. அமெரிக்க இயற்கைக் காட்சி ஓவியத்தில் இரயில் தோன்றிய முதற்படங்களுள் அது ஒன்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வழக்குரைஞர் வேண்டியதில்லை. வழக்கு தானே விளங்கும்.

இதில் இரண்டு செய்திகள் என்னைத் தூங்கவிடாமல் செய்தன. ஒன்று: அந்த முதற்படத்தை வாங்கியவர் ரீடின் பங்காளியான ஜானதன் ஸ்டர்ஜஸ் என்னும் வணிகர். கலையை உண்மையாகவே நேசித்தவர். அவரே பின்னாளில் இல்லினாய் மத்திய இரயில்வேயை நிறுவியவர்களுள் ஒருவரானார். காட்டின் படத்தை வாங்கிய கையும் காட்டின் வழியே பாதை போட்ட கையும் ஒரே கை! இரண்டாவது: எந்த இருப்புப்பாதைக்காக அம்மரங்கள் விழுந்தனவோ அந்தப் பாதை சில ஆண்டுகளே ஓடி, நட்டமடைந்து, 1842இல் கைவிடப்பட்டது. கோல் இரயிலைத் தீட்டிய ஆண்டில் அங்கே உண்மையில் இரயில் ஓடவில்லை. நூறாண்டு நின்ற மரங்கள் ஆறேழு ஆண்டுக் கணக்குப் புத்தகத்துக்குப் பலியாயின.

இறுதி ஆண்டுகள்

வங்கியாளர் சாமுவேல் வார்டுக்காகக் கோல் 1839-40இல் 'வாழ்க்கைப் பயணம்' என்னும் நான்கு படங்களை வரைந்தார். குழந்தையாய், இளைஞனாய், நடுவயதினனாய், முதியவனாய் ஒரு மனிதன் படகில் ஆற்றோடு செல்கிறான். இவ்வேலையும் முடியும் முன்பே வார்டு இறந்தார்! படங்களைப் பொதுமக்களுக்குக் காட்டுவதில் வாரிசுகளோடு ஒத்துவராததால், கோல் மீண்டும் ஐரோப்பா சென்றபோது ரோமில் அமர்ந்து நான்கையும் இரண்டாம் முறை தீட்டினார். அவ்விரண்டாம் வரிசை இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

தாம் கற்றதைப் பிறருக்குக் கொடுப்பதில் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை. 1837இல் டியூராண்டை ஸ்க்ரூன் ஏரிக்கு அழைத்துச் சென்றார். அதன்பின் டியூராண்ட் செதுக்குளியை விட்டு இயற்கைக் காட்சி ஓவியராகவே மாறினார். 1844இல் பிரெடரிக் சர்ச் என்னும் பதினெட்டு வயது இளைஞர் மாணவராக வந்து சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் குருவோடு மலைமேல் திரிந்த அவர், பின்னாளில் நயாகரா அருவியையும் ஆண்டிஸ் மலைகளையும் தீட்டிக் குருவினும் பெரும்புகழ் பெற்றார்.

1848ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கோலுக்கு நுரையீரல் அழற்சி கண்டது. அம்மாதம் 11ஆம் நாள், தம் வீட்டிலேயே உயிர் நீத்தார். அவருடைய கடைசி மகன் தந்தையின் முகத்தைக் காணவில்லை. அவர் இறந்த பின்னரே பிறந்தான். சிலுவையும் உலகமும் பற்றிய ஓவிய வரிசை முடிவு பெறாமல் நின்றது. அடுத்த ஆண்டு டியூராண்ட் ஒரு நினைவு ஓவியம் தீட்டினார். காட்ஸ்கில் மலையின் பாறை விளிம்பில் கோலும் அவருடைய நண்பர் கவிஞர் பிரையன்டும் நின்று பள்ளத்தாக்கை நோக்குகின்றனர். அதைத் தீட்டச் சொல்லிப் பிரையன்டுக்குப் பரிசளித்தவர் யார் தெரியுமா? இரயில்வே ஸ்டர்ஜஸ்தான்!

கண் கொடுத்த கொடை

கோல் உயிரோடிருந்தபோது அவர் சொல் ஒரு மரத்தையும் காக்கவில்லை என்றே சொல்லலாம். ஆனால் அவர் கொடுத்த கண் அவரோடு மறையவில்லை. அவருக்குப் பின் டியூராண்ட், சர்ச், கென்செட், கிராப்ஸி, கிபோர்ட், பீர்ஸ்டாட் என்று ஓர் அணியே எழுந்தது. 1871இல் யெல்லோஸ்டோன் பகுதிக்குச் சென்ற அரசு ஆய்வுக் குழுவில் இம்மரபில் வந்த தாமஸ் மோரன் என்னும் ஓவியரும் இருந்தார். அவர் கொண்டுவந்த வண்ணப் படங்களும் அக்குழுவின் புகைப்படங்களும் சட்டமன்றத்தாரின் உள்ளத்தை அசைத்தன. 1872இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

1870களில் பிரெஞ்சு ஓவிய முறை மேலோங்கியபோது, பழைய பாணிக்காரர்களைக் கேலி செய்வதற்கே 'ஹட்சன் ஆற்றுக் குழு' என்னும் பெயர் வழங்கலாயிற்று. கேலிப் பெயரே பிற்காலத்தில் பெருமைப் பெயராக நிலைத்துவிட்டது.

1885இல் நியூயார்க் மாநிலம் காட்ஸ்கில், அடிராண்டாக் மலைகளில் இருந்த அரசு நிலங்களைக் காப்புக்காடு ஆக்கியது. 1894இல் அக்காடு என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தனர். ஓவியம் ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. நீர் வற்றிவிடுமோ என்னும் அச்சமும் வரிக் கணக்கும் அதில் கலந்திருந்தன. ஆனால் ஒரு மக்கள் கூட்டம் தான் நேசிக்காத ஒன்றைக் காப்பதில்லை. காணாத ஒன்றை நேசிப்பதும் இல்லை. காட்டர்ஸ்கில் அருவி இன்றும் பொதுமக்களுக்குரிய காட்டினுள் விழுந்துகொண்டிருக்கிறது.

நண்பர்களே, நான் சாலைக்கும் பாலத்துக்கும் எதிரி அல்லேன். அதுவே என் பிழைப்பாகப் போகிறது. கோலும் நீராவிப் படகில் ஏறித்தான் மலையைக் காணச் சென்றார். பாதையே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பார்க்காமல் வெட்டாதே என்பதே அவர் வாழ்க்கை சொல்லும் சொல். எங்கள் வகுப்பறை வரைபடத்தில் ஒரு குன்று சில வளைகோடுகள்; ஓர் ஓடை ஒரு நீலக்கோடு; மரங்கள் மதிப்பீட்டுத் தாளில் ஓர் எண். இன்னும் சில ஆண்டுகளில் அத்தகைய தாளில் நானும் கையொப்பமிடுவேன். அந்தக் கையொப்பத்துக்கு முன், அளவுச்சங்கிலி எடுத்துச் செல்லாமல் ஒரு நாள் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்து பார்த்துவிட்டு வருவது என்று உறுதி கொண்டிருக்கிறேன். நடந்து பார்த்த பின்னும் சில மரங்கள் விழத்தான் வேண்டியிருக்கும். ஆனால் எதை இழக்கிறோம் என்று அறிந்து இழப்போம். காக்கக் கூடியதைக் காத்து, கோட்டைச் சற்று வளைத்துப் போடுவோம். ஓவியம் அறியாத ஒரு பொறியியல் மாணவன் தாமஸ் கோலுக்குச் செலுத்தக் கூடிய நன்றி அதுவே.